இரட்டையாக எண்ணப்படும் வயது

சுவிற்சர்லாந்தின் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. விண்ணப்பிப்பவர் மொத்தம் 10 ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் இங்கே கழித்த ஒவ்வோர் ஆண்டையும் இரண்டு ஆண்டுகளாக எண்ணுகிறார்கள். 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. என் இளைய மகளின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் அந்த வரியை நிதானமாக வாசித்தேன். வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பத்து ஆண்டுகளில்தான் ஒரு பிள்ளை தான் யார் என்று தனக்குள் முடிவு செய்கிறது என்பதை ஓர் அரசு சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதே பத்து ஆண்டுகளில் பெற்றோர், உறவினர், தமிழ் ஆசிரியர் ஆகிய நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் தமிழைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இதை எழுதுவதற்கு எனக்கு நீண்ட நாள் தயக்கம் இருந்தது. இன்று எழுதிவிடுகிறேன்.

நான் சூரிச் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் 17 ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறேன். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் முதலில் வந்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். பதின்ம வயதுக்காரர்கள் மாடிப்படியில் ஏறும்போது கலகலவென்று டொச்சில் (ஜெர்மனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கதைத்துக்கொண்டு வருவார்கள். வகுப்பு வாசலில் என் முகத்தைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். அதை ஒழுக்கம் என்று பல ஆண்டுகள் நம்பிப் பெருமைப்பட்டேன். அது பயம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பிள்ளையின் கதை தேவைப்பட்டது.

அவளுக்கு 16 வயது. கோடை விடுமுறையில் பெற்றோருடன் யாழ்ப்பாணம் போயிருந்தாள். ஆறு வருடங்களுக்குப் பிறகு அம்மம்மாவை நேரில் காண்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரம். வீடு நிறைய ஆட்கள். எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு அம்மம்மா மட்டும் நின்றுகொண்டிருக்க, இவள் எழுந்து தன் கதிரையை இழுத்துக் கொடுத்து, "அம்மம்மா, நீ இரு, நீ சாப்பிடு" என்று சொல்லியிருக்கிறாள்.

மேசையில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு மாமா ஒருவர், சுவிஸில் மரியாதை இப்படித்தான் பழக்குகிறீர்களோ என்று அவளுடைய அம்மாவைக் கேட்டார். மச்சான், மச்சாள்மார் சிரித்தார்கள். மிச்ச நாள்கள் முழுவதும் "நீ இரு, நீ சாப்பிடு" என்பதே அந்த வீட்டின் பகிடி ஆகிவிட்டது. அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லையாம். அந்தக் கதிரையில் இருந்து சாப்பிட்டாராம்.

திரும்பி வந்த பிறகு அவள் அம்மம்மாவுடன் வாட்ஸ்அப்பில் கதைப்பதை நிறுத்திவிட்டாள். அம்மா தொலைபேசியை நீட்டினால் கையை அசைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அந்தப் பிள்ளைக்கு "நீங்கள்" தெரியாது என்று நினைக்க வேண்டாம். என்னிடம் எப்போதும் நீங்கள் என்றுதான் பேசுவாள். விஷயம் வேறு. டொச்சில் ஒருவரை அழைக்க "டூ" என்றும் "ஸீ" என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆசிரியர், வைத்தியர், வங்கியில் இருப்பவர், வீதியில் முகமறியாதவர் எல்லோரும் "ஸீ". அம்மா, அப்பா, அம்மம்மா, கூடப்பிறந்தவர்கள், உயிர்த்தோழி எல்லோரும் "டூ". ஜெபத்தில் கடவுளும் "டூ"தான். பெற்ற பாட்டியை ஒரு பிள்ளை "ஸீ" என்று அழைத்தால் அந்தப் பாட்டியின் மனம் நொந்துபோகும். என்னைத் தள்ளி வைக்கிறாளே என்று நினைப்பார். நாமும் தேவாரத்தில் சிவனை நீ என்றுதானே பாடுகிறோம்! அந்தப் பிள்ளை தன்னிடமிருந்த மிக நெருக்கமான சொல்லை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையோடு சேர்த்து அம்மம்மாவிடம் கொடுத்தாள். அங்கே இருந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அவளுக்கே விளங்கவில்லை. தன் தமிழ் கெட்ட தமிழ் என்று மட்டும் அவளுக்கு விளங்கியது.

இதற்குப் பிறகுதான் நான் என் வகுப்பையே புதிதாகப் பார்க்கத் தொடங்கினேன்.

சூரிச்சில் வளரும் பிள்ளைக்கு டொச் ஒன்றல்ல, இரண்டு. பள்ளிக்கூடத்தில் வாசிப்பதும் எழுதுவதும் எழுத்து டொச். விளையாட்டுத் திடலிலும் டிராமிலும் கடையிலும் கதைப்பது பேச்சு டொச். "நான் இருந்தேன்" என்பதை எழுத்தில் "இஹ் வார்" என்று எழுதுவார்கள். அந்த இறந்தகால வடிவமே பேச்சு டொச்சில் கிடையாது. "இஹ் பி க்ஸீ" என்றுதான் சொல்வார்கள். பேராசிரியரும் அப்படித்தான் கதைக்கிறார், குப்பை வண்டி ஓட்டுபவரும் அப்படித்தான் கதைக்கிறார். யாருக்கும் அதில் வெட்கம் இல்லை. 2011 மே மாதம் சூரிச் மாநில மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பாலர் பள்ளியில் அடிப்படையில் பேச்சு டொச்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தங்கள் அம்மாமார் பேசிய பேச்சைக் காப்பதற்காக வாக்குச்சீட்டை எடுத்த மக்கள் இவர்கள்.

1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரபு, கிரேக்கம், எயிட்டியின் கிரியோல், சுவிஸ் ஜெர்மன் ஆகிய நான்கையும் முதன்மை எடுத்துக்காட்டுகளாக வைத்தார். அதே கட்டுரையில் தமிழையும் இந்த வகைக்குச் சரியாகப் பொருந்தும் மொழி என்று குறிப்பிட்டிருக்கிறார். அதை வாசித்த அன்று எனக்கு அழுகை வந்தது. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று இரண்டு வழக்குகளோடு வாழ ஐந்து வயதிலேயே பழகிவிட்ட பிள்ளைகள் இத்தனை ஆண்டுகளாக என் முன்னால் இருந்திருக்கிறார்கள். தமிழ் படிக்க இதைவிடத் தயாரான பிள்ளைகளை எங்கே போய்த் தேடுவது? நானோ அவர்கள் "வாறன்" என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டி "வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். "இது பேச்சு, அது எழுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிழை என்று மட்டும் சொன்னேன். வீட்டில் அம்மா வாயிலிருந்து வரும் சொல்லைப் பிழை என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அந்தப் பிள்ளை அதன் பிறகு எந்தத் தமிழை நம்பும்?

குடியுரிமைக்கு இந்த நாடு கேட்கும் மொழித் தகுதியையும் பாருங்கள். ஐரோப்பிய மொழித் தர அளவுகோலில் பேச்சுக்கு பி1 நிலை, எழுத்துக்கு அதைவிடக் குறைந்த ஏ2 நிலை. பேசத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாதவரையும் தன் குடிமகனாக ஏற்க ஒரு நாடு தயாராக இருக்கிறது. சரளமாகக் கதைக்கும் பிள்ளை ஒரு சொல்லில் ணகரத்தை மாற்றி எழுதினால், தமிழ் தெரியாத பிள்ளை என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

ழகரமும் அப்படித்தான். சுவிஸ்காரர்கள் வெளியிலிருந்து வந்தவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் ஒரு சொல் இருக்கிறது. சமையலறைச் சிற்றலுமாரிக்கான பெயர் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று முறை எழுப்ப வேண்டிய ஒலி. நம் ஆய்த எழுத்தின் துணையோடு "ஃகுஃகிஃகெஷ்ட்லி" என்று ஒருவாறு எழுதலாம். முப்பது வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது இன்றுவரை வரவில்லை. என் மாணவர்களுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல வரும். அதே பிள்ளைகளை ஒரு கலை விழாவில் மேடைக்கு அழைத்து "வாழைப்பழம்" சொல்லச் சொன்னார் ஒரு விருந்தினர். மூன்று பேர் "வாளைப்பளம்" என்றார்கள். சபை சிரித்தது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. அந்தச் சபையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கிய மூவரில் இருவர் அடுத்த தவணைக்கு வகுப்புக்கு வரவில்லை.

பிள்ளைகள் தமிழை விடும் வயதையும் நான் கவனித்து வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பு. சூரிச் மாநிலத்தில் அந்த ஆண்டுதான் கிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்லும் உயர்நிலைப் பள்ளி) நுழைவுத் தேர்வு. டொச்சும் கணிதமும்தான் பாடங்கள். அம்மாமார் என்னிடம் வந்து, டீச்சர், இந்த ஒரு வருடம் மட்டும் தமிழை நிறுத்துகிறோம், தேர்வு முடிந்ததும் அனுப்புகிறோம் என்பார்கள். அவர்களுடைய பதற்றம் எனக்குப் புரிகிறது. என் மூத்தவனுக்கு நானும் அதையேதான் செய்தேன். ஆனால் அப்படிப் போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளையின் டொச்சுக்கு நல்லது என்று வீட்டிலும் டொச்சில் கதைக்கத் தொடங்குகிறார்கள். தொழிற்சாலையிலும் உணவக அடுக்களையிலும் வேலை செய்து பொறுக்கிய சொற்களால் ஒரு தாய் தன் மகளிடம் மனம்விட்டுப் பேச முடியுமா? கோபத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியாதே. அந்த வீட்டில் கடைசியில் இரண்டு மொழியும் இல்லாமல் போகிறது.

இதற்கு நேர்மாறான நிலையில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 13 வயதுப் பையன் ஒருவன் வன்னியிலிருந்து அப்பாவிடம் வந்து சேர்ந்தான். அழகான தமிழ். உதைபந்தாட்டக் குழுவில் சேர்ந்து ஒரே வருடத்தில் பேச்சு டொச்சைப் பிடித்துவிட்டான். கணக்கு அவனுக்குக் கைவந்த பாடம். ஆனால் தேர்வில் கணக்கைக் கதையாக எழுதிக் கொடுத்தால் தோற்றான். நன்றாகத்தான் பேசுகிறானே, முயற்சி போதாது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பினார்கள். டொரொண்டோவில் குடியேறிகளின் பிள்ளைகளை ஆய்வு செய்த ஜிம் கமின்ஸ் இதைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அன்றாடம் உரையாடும் மொழி ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகும். ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற பொருள் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும் என்பதும் அவருடைய வாதம். அந்தப் பையனுக்கு நான் கணக்குகளைத் தமிழில் விளக்கினேன். டொச்சில் திருப்பி எழுதச் சொன்னேன். இப்போது செய்கிறான். ஆனால் வகுப்பில் வாய் திறக்க மாட்டான். அவனுடைய ஊர்த் தமிழைக் கேட்டு இங்கே பிறந்த பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். சிரிக்க எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 14 வயது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பதற்கு அவனைத்தான் கூட்டிப்போனார்கள். கருப்பையில் கட்டி என்று வைத்தியர் சொன்னார். டொச் சொல் அவனுக்கு விளங்கியது. கருப்பை என்ற தமிழ்ச் சொல் அவனிடம் இல்லை. வீட்டிலும் யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. "அம்மா, நான் இருந்த இடத்தில் ஒரு கட்டியாம்" என்று சொன்னானாம். அவர் இன்று நலமாக இருக்கிறார். இதை என்னிடம் சொன்னதும் அவர்தான்.

பிள்ளைகளை நோய்க்கு மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் சேவை இந்த நாட்டில் இருக்கிறது. கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் எங்கள் பாடங்களில் கல்லணை கட்டிய கரிகாலன் இருக்கிறான், கருப்பை இல்லை, சிறுநீரகம் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை. கரிகாலன் இருக்கட்டும். இவையும் வேண்டும். 14 வயதுப் பிள்ளை நாளாந்தம் சுமக்கும் சொற்களுக்குத் தமிழ் தராமல், அவனுடைய தமிழ் குழந்தைத் தமிழ் என்று குறை சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

இந்த ஆண்டு முதல் என் வகுப்பில் கரும்பலகையை நான்காகப் பிரித்திருக்கிறேன். பேச்சு டொச், எழுத்து டொச், பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகள் தாங்கள் அந்த வாரம் பயன்படுத்திய சொற்களைக் கொண்டுவந்து நான்கு நிரல்களிலும் எழுதுகிறார்கள். "வாறன்" அங்கே மூன்றாம் நிரலில் தலை நிமிர்ந்து நிற்கிறது, "வருகிறேன்" நான்காம் நிரலில். சிவப்புப் பேனாவை நான் இப்போது எடுப்பதில்லை. வன்னியிலிருந்து வந்த பையன் மூன்றாம் நிரலுக்குக் கொண்டுவரும் சொற்களில் சில எனக்கே புதியவை. மற்றப் பிள்ளைகள் அவனிடம் பொருள் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு அந்த 16 வயதுப் பிள்ளை நின்றாள். நீ, நீங்கள் இரண்டையும் எழுதிவிட்டாள். எதிரே "டூ", "ஸீ" இரண்டையும் எழுதிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா அப்பப்பாவிடம் தொலைபேசியில் கதைக்கும்போது "நீர்" என்று ஒரு சொல் கேட்டேனே டீச்சர், அது எந்த நிரல் என்று கேட்டாள். நீர் என்பது "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் நடுவில் இருக்கும் சொல் என்று சொன்னேன். என் அப்பா என் அம்மாவைக் கடைசி வரை நீர் என்றுதான் அழைத்தார் என்றும் சொன்னேன். மரியாதையா, நெருக்கமா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். சுண்ணக்கட்டியை எடுத்து மூன்றாம் நிரலில் எழுதினாள். டொச் நிரல்கள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வரிசையில் அவற்றை வெறுமையாகவே விட்டுவிட்டு, அம்மம்மாவை அப்படி அழைக்கலாமா என்று கேட்டாள். அம்மம்மாவிடமே கேள் என்றேன்.