தாடையை நேராக்கினால் நாள்பட்ட நோய் தீருமா?

நாள்பட்ட சோர்வு, ஒற்றைத் தலைவலி, காதிரைச்சல், தலைசுற்றல், கழுத்துப் பிடிப்பு, வயிற்றுக் கோளாறு. இத்தனைக்கும் வேர் ஒன்றுதான், தாடை சில மில்லிமீட்டர் விலகி நிற்கிறது, அதை நேராக்கினால் எல்லாம் போய்விடும் என்று சொல்லும் காணொளிகள் பெருகிவிட்டன. சிலர் பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் போன்ற நரம்பு மண்டல நோய்கள் வரைக்கும் போய்விட்டார்கள். முழுப் பொய் என்றால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். இதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, சிக்கலே அதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாடை வலி நிஜமான நோய், அதற்கு வைத்தியமும் உண்டு. ஆனால் பல் கடியை, அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதத்தை, மாற்றி உடம்பின் மற்ற நோய்களைத் தீர்க்கலாம் என்பதற்கு, மூச்சுப்பாதை என்ற ஒரு விஷயத்தைத் தவிர, தேறுகிற ஆதாரம் இல்லை. பல்லைத் தேய்ப்பது, வாய் முழுக்க கேப் போடுவது, கிளிப் போட்டு நகர்த்துவது, எலும்பை வெட்டி நகர்த்துவது எல்லாமே ஒருவழிப் பாதை. ‘சோர்வு போகும்’ என்ற வாக்குறுதியை நம்பி அதில் இறங்கக் கூடாது.

மூட்டைப் பற்றிக் கொஞ்சம். காதுத் துளைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்து மெதுவாக வாயைத் திறந்து பாருங்கள். முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை கீழ்த்தாடையின் முனை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறந்தால், இடையில் மெத்தை போல உள்ள டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு முன்னால் வழுக்கி வரும். கதவுக் கீல் மாதிரி ஓர் அச்சில் மட்டும் சுழலும் மூட்டாக இருந்திருந்தால் ‘சரியான நிலை’ என்று ஒன்றைக் குறித்துவிடலாம். அப்படி இல்லாததால்தான் பல் மருத்துவர்களுக்குள்ளேயே இழுபறி. சென்ட்ரிக் ரிலேஷன் என்று பாடத்தில் வரும் அடிப்படை நிலையை முன்பு ‘முனை முடிந்தவரை பின்னால் இருக்கும் நிலை’ என்றார்கள். பிற்பாடு ‘மேலும் முன்னும் இருக்கும் நிலை’ என்று மாற்றிக்கொண்டார்கள். அளவுகோலே இப்படி நகர்ந்திருக்கும்போது, உங்கள் தாடை 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எதிலிருந்து விலகியிருக்கிறது என்று கேளுங்கள்.

வாய் திறக்கும்போது வரும் ‘க்ளிக்’ சத்தம் பலரைப் பயமுறுத்துகிறது. விலகியிருந்த டிஸ்க் மறுபடி முனைமேல் ஏறும்போது வரும் சத்தம் அது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் விலகித்தான் இருக்கும். வலி இல்லை, வாய் 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கிறது, மூட்டு சிக்கிக்கொள்வதில்லை என்றால் அந்தச் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. தாடை வலியில் பெரும்பகுதி மூட்டிலிருந்துகூட வருவதில்லை, மெல்லும் தசைகளிலிருந்து வருகிறது.

‘எல்லாம் தாடையால்தான்’ என்ற எண்ணம் புதிதும் அல்ல. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதும் தாடை பின்னால் ஏறி, காதை ஒட்டிய நரம்புகளையும் குழாயையும் அழுத்துகிறது, காதடைப்பும் தலைசுற்றலும் அதனால்தான் என்றார். அப்படி அழுத்த அங்கே வழியில்லை என்று உடற்கூறியல் ஆட்கள் பின்னாளில் காட்டிவிட்டார்கள். விளக்கம் செத்துப்போனது, வியாபாரம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

1976-இல் வந்த ஓர் ஆய்வை இந்தப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. தாடைத் தசை வலி உள்ள 25 பேருக்குக் கடியைச் சரிசெய்வது போல நடித்தார்கள். கருவி சுழன்றது, சத்தம் வந்தது, கடிபரப்பில் எதுவும் தேயவில்லை. அதில் 16 பேருக்கு வலி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ போய்விட்டது. அவர்கள் வலியைக் கற்பனை செய்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தாடை வலி தானாக ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடுவோம், அதன் பிறகு எது செய்தாலும் இறங்கத்தான் செய்யும். ‘ஸ்பிளிண்ட் (பற்கள்மேல் மாட்டும், கழற்றக்கூடிய உறை) போட்ட மூன்றாம் வாரம் சரியாகிவிட்டது’ என்ற சாட்சியங்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நாள்பட்ட நோய்க்கும் தாடைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, சொல்லப்படும் திசையில் இல்லை. தாடை வலி இல்லாத ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஒப்பெரா என்ற அமெரிக்க ஆய்வில், புதிதாகத் தாடை வலி வந்தது பெரும்பாலும் யாருக்கென்றால், ஏற்கெனவே உடம்பில் வேறு இடங்களில் வலியும் தூக்கக் கேடும் இருந்தவர்களுக்குத்தான். உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, ஒற்றைத் தலைவலி, எரிச்சல் குடல் நோய், நாள்பட்ட சோர்வு ஆகியவை தாடை வலியோடு கைகோத்து வருவதற்கு, நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் முறையே மாறிப்போவதுதான் பொதுக் காரணமாகத் தெரிகிறது. முடக்குவாதமும் குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியும் தாடை மூட்டை அரித்துக் கடியையே மாற்றிவிடும். ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ரலின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்குப் பல்லை நறநறக்க வைக்கும். புதிதாக மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் தாடை வலி வந்திருந்தால் அதைப் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இப்போது, தாடை விலகலை நிரூபிக்க என்று செய்துகாட்டும் கைச் சோதனை. பல்லுக்கு நடுவே பஞ்சு உருளையை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். நீட்டிய கையை அமுக்குவார்கள். பஞ்சு இல்லாதபோது கை விழும், பஞ்சோடு நிற்கும், சுற்றியிருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அமுக்குபவரின் விரல்களைக் கவனியுங்கள். முதல் முறை மணிக்கட்டுக்கு அருகே, நீங்கள் இறுக்கிக்கொள்வதற்குள் வெடுக்கென்று அமுக்குவார். இரண்டாம் முறை முழங்கைப் பக்கம் நான்கு விரற்கடை தள்ளி, ‘இப்போ பிடிங்க’ என்று சொல்லிவிட்டு, மெதுவாக. நெம்புகோல் தூரம் குறைந்தால் எந்தக் கையும் நிற்கும். பெரும்பாலும் அவருக்கே தெரியாமல் இது நடக்கிறது, அதனால் மோசடி என்றுகூடச் சொல்ல மாட்டேன். வாயில் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாதபடி வைத்துச் செய்தால் வித்தியாசம் காணாமல் போகும். தாடை அசைவை வரையும் கருவி, தசை மின்னளவு, மூட்டின் ஒலிப்பதிவு ஆகியவையும் இதே ரகம். நோயைக் கண்டுபிடிக்க இவை தேவையில்லை. 2014 முதல் புழக்கத்தில் உள்ள டிசி-டிஎம்டி என்ற, தாடை வலியைக் கண்டறியும் முறைக்குக் கேள்விகள், விரல், அளவுகோல் போதும்.

மூச்சுப்பாதைக்கு வருகிறேன். கீழ்த்தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் உறக்கத்தில் நாக்கும் அண்ணமும் சரிந்து மூச்சை அடைக்கும். ஒரு மணி நேரத்தில் இப்படி 5 முதல் 15 தடவை என்றால் லேசான ஸ்லீப் அப்னியா, 30-ஐத் தாண்டினால் கடுமை. பகல் தூக்கம், காலைத் தலைவலி, மறதி, இரவில் சிறுநீருக்கு எழுவது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், எல்லாம் இதன் வேலையாக இருக்கலாம். ‘தாடையை நேராக்கியதும் பத்து வருடச் சோர்வு போனது’ என்கிற கதைகளில் உண்மையானவை பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்பது என் கணிப்பு. தாடை முன்னால் வந்தது, மூச்சு திறந்தது, தூக்கம் வந்தது. பல் கடி மாறியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் சோர்வுதான் முதன்மைத் தொல்லை என்றால் தாடை ஸ்கேனுக்கு முன் தூக்கப் பரிசோதனை. அதில் அப்னியா தெரிந்தால் சிபேப் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் இயந்திரம்), அல்லது கீழ்த்தாடையை முன்னிழுத்துப் பிடிக்கும் கருவி. கருவி அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். வெந்நீரில் முக்கிக் கடித்துப் பதிப்பது சரியாக நிற்காது. ஒவ்வொரு தாடையிலும் குறைந்தது எட்டு முதல் பத்து உறுதியான பற்கள் வேண்டும். உங்களால் அதிகபட்சம் முன்தள்ள முடிகிற தூரத்தில் பாதியளவில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை அரை மில்லிமீட்டர் அளவில் கூட்டிப்போவார்கள். குறட்டை நின்றதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சத்தம் நின்றும் மூச்சடைப்பு தொடரலாம். கருவியோடு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். காலையில் கடி சிறிது நேரம் பொருந்தாமல் இருக்கும். வருடக்கணக்கில் போட்டால் மேல் முன்பற்கள் உள்ளேயும் கீழ் முன்பற்கள் வெளியேயும் சாயும், இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு தாடைகளையும் 10 மில்லிமீட்டர் அளவுக்கு முன்நகர்த்தும் அறுவை சிகிச்சை கடுமையான அப்னியாவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கீழுதட்டு மரத்துப்போதல் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மேல்பற்களுக்குப் போடும் சாதாரண ஸ்பிளிண்ட் சிலருக்கு அப்னியாவைக் கூட்டுகிறது. குறட்டை விடுபவருக்கு நைட் கார்டு (இரவில் போடும் ஸ்பிளிண்ட்) கொடுப்பதற்கு முன் இதைக் கேட்காத மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ஸ்பிளிண்ட்டைப் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. பல் தேய்வதைத் தடுக்க அது உதவும். வலிக்கு என்றால், நாள்பட்ட தாடை வலி குறித்து 2023-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் சாதாரண ஸ்பிளிண்ட்டையே பின்னுக்குத் தள்ளி, பயிற்சியையும் வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சையையும் முன்னால் வைத்தது. கடியை நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளிண்ட்டைக் கண்டிப்பாக வேண்டாம் என்றது. அப்படியும் போடுவதென்றால், கெட்டியான அக்ரிலிக், ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுவது, எதிர்ப்பற்கள் அத்தனையும் சமமாகத் தொடுவது, இரவு மட்டும், ஓரிரு வாரத்தில் தாள் வைத்துப் பார்த்துத் திருத்துவது. முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கருவியை நெடுநாள் போட்டால், எதிலும் படாத கடைவாய்ப் பற்கள் மெல்ல நீண்டு, பிறகு முன்பற்கள் சேரவே சேராது.

உண்மையான பொறி 24 மணி நேர ஸ்பிளிண்ட்தான். சாப்பிடும்போதும் கழற்றாதே என்பார்கள். சில மாதம் அப்படிப் போட்டால் மூடிய பற்கள் அமுங்கும், தசைகள் புது நிலைக்குப் பழகும், கழற்றினால் கடைவாய்ப் பற்கள் தொடாது. அப்போது ‘பார்த்தீர்களா, உங்கள் தாடையின் அசல் நிலை இதுதான், இரண்டாம் கட்டமாக 28 பல்லுக்கும் கேப் போடணும், இல்லை கிளிப் போடணும்’ என்பார்கள். அந்த இடைவெளியை உண்டாக்கியதே முதல் கட்டம்தான்.

வலிக்கு நான் முதலில் சொல்வது சலிப்பூட்டும் வேலைகள். உதடு சேர்ந்திருக்கட்டும், பற்கள் 2 முதல் 4 மில்லிமீட்டர் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி ‘ன’ சொல்லும் இடத்தில் லேசாக ஒட்டியிருக்கட்டும். பகலில் மெல்லாதபோது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடத் தேவையே இல்லை. போனை எடுக்கும்போதெல்லாம் இதைச் சரிபாருங்கள். கன்னத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் 15, 20 நிமிடம் ஈர ஒத்தடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நாக்கை அண்ணத்தில் வைத்தபடியே வாயைத் திறந்து மூடுவது, ஆறு முறை, ஒரு நாளைக்கு ஆறு தடவை. கொட்டாவி வந்தால் மோவாயின் கீழ் மூடிய கையை வைத்துத் தடுங்கள். மென்மையான உணவு இரண்டு வாரம் போதும், மாதக்கணக்கில் போனால் தசை வலுவிழந்து அதுவே வலியைக் கூட்டும். பலர் சொதப்புவது, வலியை மீறி வாயைப் பிளந்து பயிற்சி செய்வதில். முன்பல் விளிம்புகளுக்கு இடையே அளவுகோல் வைத்து, வலியின்றித் திறக்கும் அளவை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் அது கூடவில்லை என்றால் அடுத்த படி. திடீரென்று 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் காத்திருக்கக் கூடாது, டிஸ்க் சிக்கியிருக்கலாம், சில நாட்களுக்குள் காட்டினால் கையாலேயே விடுவிக்க வாய்ப்பு அதிகம்.

தாடையே குற்றவாளி இல்லாத வலிகளும் உண்டு. 50 வயதைக் கடந்தவருக்கு உணவை மெல்லும்போது தாடை வலித்து, மெல்வதை நிறுத்தினால் விட்டு, நெற்றிப்பொட்டு தொட்டால் நோகிறது என்றால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையைப் பறிக்கக்கூடியது, அன்றே மருத்துவமனை. நடந்தால் வரும் தாடை வலிக்குக் காரணம் இதயமாக இருக்கலாம். மின்சாரம் அடித்தது போல நொடியில் வந்து போவது நரம்பு. காரணமின்றி மோவாய் மரத்துப்போனால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்குத் தாடை வளர்ந்து பல் இடைவெளி கூடி, மோதிரமும் செருப்பும் இறுகினால் வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனை.

ஏற்கெனவே 24 மணி நேர ஸ்பிளிண்ட்டில் சிக்கி, கடைவாய் சேராமல் இருப்பவர்கள் உடனே கேப்புக்கோ கிளிப்புக்கோ சம்மதிக்காதீர்கள். பழைய எக்ஸ்ரே, அச்சு, சிரிக்கும் புகைப்படம் எல்லாம் சேர்த்து, அந்த ஸ்பிளிண்ட்டை விற்காத வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மேற்பார்வையில் முதலில் சாப்பாட்டின்போது, பிறகு பகலில், கடைசியில் இரவில் என்று குறைத்துக்கொண்டே வரலாம். பற்கள் பலருக்குச் சில மாதங்களில் தானாக இறங்கி மறுபடி தொடும். மாதம் ஒருமுறை இரண்டு பக்கமும் கடைவாயில் மெல்லிய தாளை வைத்துக் கடித்து இழுத்துப் பாருங்கள். தாள் பிடிபடத் தொடங்கிவிட்டால் அந்த இடத்தில் கேப் தேவைப்படாது.