ஓவிய வகுப்பில் மாணவர் விருப்பம்: கதவை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்

"பிடிச்சதை வரைங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் பதிவேட்டைத் திருத்த உட்கார்ந்துவிடுவது மாணவருக்குச் சுதந்திரம் கொடுப்பது ஆகாது. ஒன்பதாம் வகுப்பில் 40 பேரிடம் இப்படிச் சொன்னால் என்ன வரும்? பாதித் தாள்களில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். மீதியில் நோட்டு அட்டையில் பார்த்த கார்ட்டூன் முகம். பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வெறும் தாளின் முன்னால் எப்படித் தொடங்குவது என்று யாரும் காட்டித் தராதபோது, கை பழகிய படத்துக்குத்தான் போகும்.

கரும்பலகையில் பூச்சாடி வரைந்து எல்லோரையும் அதையே வரையச் சொல்வதும் போதாது. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு ஓவியத் தேர்வுகளை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பயிற்சி தேவைதான். ஆனால் எதை, எதைக்கொண்டு, எவ்வளவு பெரிதாக வரைவது என்பதை ஆசிரியரே முடிவு செய்துவிட்டால் ஓவியருக்குரிய வேலையில் பாதி பறிபோகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கலை ஆசிரியர்கள் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. மாணவர்தான் கலைஞர், வகுப்பறை அவருடைய பட்டறை என்பது அதன் அடிப்படை. நம் நெரிசலான வகுப்பிலும் அது நடக்கும். பென்சில், வண்ணம், களிமண் என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாணவருக்குத் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் பென்சிலும் சார்க்கோலும் (வரையும் கரித்துண்டு) மட்டும். வழவழப்பான சார்ட்டில் சார்க்கோல் பிடிக்காது, கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த ஓவியத் தாளின் சொரசொரப்பான பக்கம் வேண்டும். அடுத்து, பழைய செய்தித்தாளும் பசையும் வைத்து ஒட்டுப்படம். ஐந்தாவது வாரம் போஸ்டர் கலர். ஒவ்வொன்றையும் திறக்கும் நாளில் ஐந்து நிமிடச் செய்முறை போதும். ஒரு மேசைக்கு எட்டுப் பேர், அதற்குமேல் இல்லை. இந்த வரம்பு இல்லையென்றால் எல்லோரும் போஸ்டர் கலரைத்தான் மொய்ப்பார்கள்.

வண்ண மேசைக்கு இரண்டு குவளை வேண்டும்: ஒன்று தூரிகை அலச, மற்றது வண்ணம் கரைக்க. ஒரே குவளை என்றால் பத்தாவது நிமிடத்தில் மஞ்சள்கூடச் சேற்று நிறமாகிவிடும். தண்ணீர் கூடினால் தாள் நெளியும். வண்ணத்தைத் தடித்துப் பூசினால் காய்ந்தபின் வெடித்து உதிரும். தூரிகையைக் குவளையிலேயே நிற்கவைத்தால் முனை வளைந்துவிடும், அப்புறம் மெல்லிய கோடே வராது.

களிமண்ணைக் கடைசியில் திறப்பது நல்லது, ஏனென்றால் காயவைக்க இடமும் நாளும் வேண்டும். தடித்த உருவத்தின் வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருப்பதால் விரிசல் விழும். அதனால் உள்ளே குடைந்துவிட வேண்டும். யானைக்குக் காது ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, கூழாகக் கரைத்த களிமண் தடவாவிட்டால் காய்ந்ததும் காது கழன்று விழும். முடியாத வேலையை ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பைக்குள் வைத்தால் அடுத்த வகுப்புவரை தாங்கும்.

வரையும் கருப்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். "இயற்கைக் காட்சி" என்று கொடுத்தால் மலையும் சூரியனும் திரும்பி வரும். "உங்கள் தெருவில் எப்போதும் நிழலாக இருக்கும் இடம்" என்று கொடுத்துப் பாருங்கள். பெரிய தாளைத் தொடும் முன் இரண்டுக்கு மூன்று அங்குலக் கட்டங்களில் மூன்று சிறு வரைவுகள் கட்டாயம். முதலாவது மனப்பாடமாக வரும். மூன்றாவதில்தான் பிள்ளை உண்மையாகவே யோசிக்கத் தொடங்கும்.

மதிப்பெண்ணும் இதற்கேற்ப மாற வேண்டும். 20 என்றால் வரைவுகளுக்கு 5, பென்சில், வண்ணம் போன்ற பொருள்களைக் கையாண்டதற்கு 5, இடையில் மாற்றிச் செய்ததற்கு 5, முடித்த படத்துக்கு 5. அழகான படத்துக்கே முழு மதிப்பெண் என்றால் தெரிந்ததைத் தவிர வேறெதையும் தொட யாருக்கும் துணிவு வராது.

தலைமையாசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 40 நிமிட வகுப்பில் எடுத்துவைக்கவும் கழுவித் துடைக்கவும் 15 நிமிடம் போய்விடுகிறது. வாரம் இரண்டு ஓவியப் பாடவேளை இருந்தால் அவற்றை ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுங்கள். கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றினால் போதும், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.