ஆமாம், என் முதல் நாவலை ஆறு வருஷமாகத்தான் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்து வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை வேறு.

வருஷக்கணக்காக நாவல் எழுதுவதாகச் சொல்லித் திரிகிறவர்கள், எழுதாமல் விட்டாலே அது இலக்கியத்துக்குச் சேவைதானாம். கைதட்டல்.

சொன்னவர் மூத்தவர், நன்றாக எழுதியவர். பெயரை நான் போடப்போவதில்லை, கமெண்டிலும் யாரும் போட வேண்டாம். சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். முதல் நாவல் எழுதுகிற ஆளிடம் போய் "உன்னால் முடியுமா என்று யோசி" என்று சொல்லவே வேண்டாம். அந்த ஆள் வேறு எதையும் யோசிப்பதில்லை.

பகலில் கணக்கு எழுதுகிற வேலை. ராத்திரி பாத்திரம் கவிழ்த்த பிறகு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நாவல். ராத்திரி அடடா என்றிருந்த பக்கம், காலையில் பால் காய்ச்சிக்கொண்டே படித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கும். நாவலில் தீப்பெட்டி ஒட்டுகிற கிழவி ரேடியோ செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுவாள். சரி, எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சையே போடுவோம் என்று மாற்றினால், அடுத்த மாதம் அது வேஷம் கட்டினதுபோலத் தெரியும். முதல் 40 பக்கத்தை ஒன்பது தடவை திருப்பி எழுதியாயிற்று. மூன்றாம் வருஷம் 'நான்' என்று போய்க்கொண்டிருந்த கதையை 'அவள்' என்று மாற்றுவதற்காக 60 பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். யார் சொல்லிச் செய்தேன்? என் சந்தேகம் சொல்லித்தான். அது வீட்டிலேயே விளைகிறது. வெளியிலிருந்து வாங்குகிற நிலைமையில் நான் இல்லை.

எங்கம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்தவள். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, திண்ணை முழுக்கப் பெட்டி. மழை இருட்டினால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடி அள்ள வேண்டும். ஒட்டியதைக் கொண்டுபோனால் கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். வாய் பிளந்தால் கழிவு. கூலி கிடையாது. கெடுபிடியான மனுஷர்தான், அம்மா அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் அவர்கூட, பசை காய்வதற்குள் எங்கள் திண்ணைக்கு வந்து அமுக்கினதில்லை.

"அக்கா, அவர் பொதுவாகத்தான் சொன்னார்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறான். பொதுவாகச் சொல்கிறவர் ஏன் நான் இருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சொன்னார் என்று அவனே வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும்.

"தரம் வேண்டாமா?" வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. என் புத்தகம் வரட்டும், கிழியுங்கள். நானே முதல் பிரதியை அனுப்புகிறேன். தபால் செலவும் என்னுடையது.

"இந்த வயதில் எதற்கு நாவல்?" இதுதான் உண்மையில் எரிச்சல். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சில் வந்தபோது வேதநாயகம் பிள்ளைக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மாயூரத்தில் முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதி வேலை பார்த்தவர். நல்லவேளை, அப்போது மாயூரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் இல்லை. எங்கள் பக்கத்து இடைசெவல்காரர், எழுத்தாளர் கி.ரா.வுக்கு (கி. ராஜநாராயணன்) 'கோபல்ல கிராமம்' நாவல் வந்த 1976இல் என்ன வயது என்று கூட்டிப் பாருங்கள். அதற்கு முன்னாலேயே அவர் சிறுகதையில் பெரிய ஆள் என்று கமெண்ட் போடத் தயாராக இருக்கிறவர்களே, தெரியும். நான் அவர் இல்லை என்பதும் தெரியும். முதல் பத்தியிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ஆணுக்கு ஆறு வருஷம் ஆனால் தவம். எனக்கு ஆனால் 'சொல்லித் திரிகிறாள்'. நான் எங்கே திரிந்தேன்? ஆபீஸ் விட்டால் வீடு. எழுதுவதற்கு மேஜைகூடக் கிடையாது. மகள் படித்து முடித்து எழுந்த பிறகுதான் அது எனக்கு. அவள் பரீட்சை மாதத்தில் கிரைண்டர் மேல் பலகை போட்டு எழுதினேன். வீட்டுக்காரர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "என்ன எழுதுற?" என்று கேட்டதும் இல்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. அந்த வீடியோவைச் சரியாகப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டின ஒருத்தியும் சிரிப்பாள். நான்தான். எல்லோரும் சிரிக்கும்போது சும்மா இருந்தால் தெரிந்துவிடுமே என்று சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி ஃபைலைத் திறக்கவில்லை. திங்களும் இல்லை. செவ்வாய்க்கிழமை திறந்து ஒரு வரி எழுதினேன், அதையும் அழித்தேன்.

நேற்று பதினோராம் அத்தியாயத்தில் கணக்குப்பிள்ளை கூலி எண்ணுகிற இடத்துக்கு வந்து நிற்கிறேன். 1985 வாக்கில் ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்டினால் எவ்வளவு கொடுத்தார்கள்? அம்மாவைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குச் சொல்கிறாள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து ஆட்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்பாக்ஸில் சொல்லுங்கள்.