ஏரிக்குப் போகும் வழியில் ஒரு ஸ்பீக்கர்

உத்தராகண்டின் சாரி கிராமத்திலிருந்து, ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலுள்ள தேவரியா தால் ஏரிக்கு மாலையில் வழிகாட்டியுடன் ஏறும்போது, முதுகுப்பையில் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு ஊரையே அலறவைக்க வேண்டும் என்று கூட வரும் இந்தச் சுற்றுலாப் பயணிகளுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! வழிகாட்டி கிளையிலுள்ள பறவையைக் காட்ட விரலை உயர்த்துவதற்குள் பஞ்சாபிப் பாட்டு அதிர, பறவை அடுத்த மலைக்கே குடிபெயர்ந்துவிடுகிறது. பத்தடிக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் புண்ணியவான் தனி ரகம். 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா சிகரம் அந்தி வெயிலில் சிவந்து நீரில் தலைகீழாகத் தெரியும் அந்தச் சில நிமிடங்களில்தானா ஏரியில் கல்லெறிந்து விளையாடத் தோன்ற வேண்டும்? இருட்டியபின் நெற்றிவிளக்கை நேரே நம் கண்ணில் அடித்துக்கொண்டே பேசுகிறார்களே, பாதை என்ன எங்கள் முகத்திலா போகிறது?