எஞ்சின் பேச்சு இருக்கட்டும், பிரேக்குக்கு வாருங்கள்

கார் பிரியர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை குதிரைத்திறன்? எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை மாற்றியாயிற்றா? ரீமேப் செய்த பிறகு, அதாவது எஞ்சினை இயக்கும் மென்பொருளைத் திருத்திய பிறகு, திறனை அளக்கும் டைனோ கருவியில் எவ்வளவு காட்டியது? இந்தக் கேள்விகளெல்லாம் எனக்கும் பிடித்தவைதான். 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரின் இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ ஏதும் இல்லாமலே ஜப்பானில் 250 குதிரைத்திறன் தந்தது. முள் நிமிடத்துக்கு 9,000 சுற்றை நோக்கி ஏறும்போது அது எழுப்பும் ஒலிக்கு நான் அடிமை. ஆனால் பேச்சு முழுவதும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். பந்தயத் தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரத்தைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் பேச வேண்டியது பிரேக்கைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள கார் நேர்ப்பாதையின் முடிவில் 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அடுத்த வளைவுக்கு 100 போதும். நல்ல டயர் இருந்தால் மூன்று வினாடிக்குள் அந்த வேகத்தைக் குறைத்துவிடலாம். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால் பங்காகிவிடும்; மீதி முக்கால் பங்கும் அந்த மூன்று வினாடிக்குள் கழிய வேண்டும். காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் உதவும், மற்றதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது. இப்படிக் கழியும் ஆற்றலைக் குதிரைத்திறனாக மாற்றினால் சராசரியாக 600ஐத் தாண்டுகிறது! உங்கள் காரில் இருக்கும் மிகச் சக்திவாய்ந்த இயந்திரம் பானட்டுக்கு அடியில் இல்லை, சக்கரங்களுக்குள் இருக்கிறது.

பிரான்ஸில் நடந்த 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயம் இதை ஊரறியச் சொன்னது. ஃபெராரி அணியிடம் 4.5 லிட்டர் எஞ்சின் இருந்தது. ஜாகுவார் சி-டைப்பில் இருந்தது 3.4 லிட்டர்தான், ஆனால் நான்கு சக்கரங்களிலும் டன்லப்பின் டிஸ்க் பிரேக்; திறந்த வட்டத்தகட்டைக் கவ்விப் பிடிப்பதால் அதில் சூடு எளிதில் வெளியேறும். சூடு உள்ளேயே தங்கும் மூடிய டிரம் பிரேக்கை நம்பி ஓட்டியவர்கள் அந்தத் தடத்தின் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டியிருந்தது. மணிக்கணக்கில் சூடேறிய பிரேக் போகப் போகப் பிடிக்காது. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஜாகுவாரை வெற்றிக்கு ஓட்டிச் சென்றார்கள். அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அப்போதுதான் முதல்முறை.

ஃபார்முலா ஒன்னில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரமும் ஒரு பிரேக் பெடல்தான். 1997இல் மெக்லாரன் அணியின் காரில் கூடுதலாக ஒரு பெடல் வைத்தார்கள். அதை மிதித்தால் பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் பிடிக்கும். வளைவில் வெளியே ஓடப் பார்க்கும் காரின் மூக்கு உள்ளே திரும்பும். யாருமே பிரேக் போடாத இடத்தில் பின் டிஸ்க் சிவந்து கனல்வதைக் கண்டு சந்தேகப்பட்ட ஒரு புகைப்படக் கலைஞர், கார் நின்றுபோன ஒரு பந்தயத்தில் ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தைப் படமெடுத்து ரகசியத்தை உடைத்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் போட்டி அணி புகார் செய்ய, அது தடை செய்யப்பட்டது. அத்தனை அறிவாளிகள் சேர்ந்து நேரத்தைத் தேடிய இடம் எது என்று கவனியுங்கள்.

ஓட்டும் கலைக்கு வருவோம். தாமதமாகப் பிரேக் போடுவதைத்தான் எல்லோரும் வீரமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. கடினமான வேலை பிரேக்கை விடுவதுதான். பெடலை மிதித்தால் எடை முன்னால் சாய்கிறது, முன் டயர்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன. அந்த நேரத்தில் காலைச் சட்டென்று எடுத்துவிட்டால் முன்பக்கம் எழும்பிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். டயருக்கு இருக்கும் பிடிப்பு ஓர் அளவுதான். நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் அதையே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, அதே அளவுக்குப் பாதம் தளர வேண்டும். இதைத்தான் டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். பிரேக்கை மிதித்தபடியே அதே பாதத்தின் குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டிக் கியரை இறக்குவதும் காதுக்கு இனிமை என்பதற்காக வந்த பழக்கம் இல்லை; எஞ்சின் சுற்றும் சக்கர வேகமும் பொருந்தாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரம் துள்ளிப் பிடியை இழக்கும். இவற்றைப் பழக மூடிய தடம் வேண்டும். பொதுச்சாலையில் செய்து பார்க்கிறவரோடு எனக்கு உடன்பாடே இல்லை.

காசு செலவழிக்கத் துடிக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: பெரிய டர்போவை வாங்குவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். வழக்கமான கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரமேறிய பிறகு வெறும் 155 இருந்தாலே அந்தத் தரம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உருவாகும். குமிழ் அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஆயிலோடு தடத்துக்கு ஏற்ற பிரேக் பேடையும் நல்ல டயரையும் போட்டு, அதே எஞ்சினோடு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் குதிரைத்திறன் போதவில்லை என்று தோன்றினால், டர்போவைப் பற்றி விடிய விடியப் பேச நான் தயார்.