ஏலியன் ஹோமினிட் அழிந்துவிடவில்லை

"ஃபிளாஷ் நிறுத்தப்பட்டதோடு ஏலியன் ஹோமினிட் விளையாட்டும் போய்விட்டது. விளையாட வேண்டுமானால் இந்த லிங்கில் ஃபிளாஷ் பிளேயரை இறக்குங்கள்" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

அடோபி நிறுவனம், இணையப் பக்கங்களில் விளையாட்டுகளையும் அனிமேஷன்களையும் இயக்கிய மென்பொருளான ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது உண்மை. அதன் பிறகு அடோபி அதை யாருக்கும் தருவதில்லை. கணினியில் இருந்தால் நீக்கிவிடச் சொல்கிறது. அடோபியின் தளத்திலேயே இதைப் படிக்கலாம். ஆக, இப்போது "புது ஃபிளாஷ் பிளேயர்" என்று வரும் கோப்பை நம்ப வேண்டாம்.

சரி, விளையாட்டு? டாம் ஃபல்ப்பும் டான் பலாடினும் சேர்ந்து 2002-ல் நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் இலவசமாக வெளியிட்டது அது. எஃப்பிஐ ஆட்கள் துரத்த, ஒரு குட்டி மஞ்சள் வேற்றுக்கிரகவாசி சுட்டுக்கொண்டே ஓடும். துரத்துபவர்களின் தலையைக் கடிப்பதுதான் எனக்குப் பிடித்த இடம்! பழைய ஃபிளாஷ் படைப்புகளை இயக்க அந்தத் தளம் ரஃபிள் என்ற எமுலேட்டரை, அதாவது ஃபிளாஷ் பிளேயர் இல்லாமலே அவற்றை இயக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. விளையாட்டின் பெயரை அங்கேயே தேடிப் பாருங்கள்.

அப்புறம், இது ஃபிளாஷோடு நின்றுபோனதும் அல்ல. ஃபல்ப், பலாடின் இருவரின் தி பெஹிமத் நிறுவனம் 2004-லேயே பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் கருவிகளுக்கு இதை விரிவாக்கிக் கொண்டுவந்தது. 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி பதிப்பு. 2023 நவம்பரில் ஏலியன் ஹோமினிட் இன்வேஷன் என்ற புது விளையாட்டே வந்தது.

அந்த லிங்க் உங்களுக்கு வந்திருந்தால் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.