நாடகத்துக்கு நூறு ரூபாய் கேட்டால் என்ன தப்பு?

எங்கள் பக்கத்தில் ஒரு கலைக்குழு இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். நாடகம் போடுவார்கள், பாட்டுக் கச்சேரியும் உண்டு. எனக்கு நடிக்கவும் வராது, பாடவும் வராது. அவர்களுடைய வரவு செலவு நோட்டை எழுதிக் கொடுப்பது மட்டும் என் வேலை. அந்த நோட்டைப் புரட்டும்போது வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

செலவுப் பக்கத்தில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வேன் வாடகை, மைக் செட், லைட், ஜெனரேட்டருக்கு டீசல், மேக்கப் சாமான், ராத்திரிச் சாப்பாடு. வரவுப் பக்கம் வந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. பொன்னாடை, கேடயம், மறுபடியும் பொன்னாடை. இதையெல்லாம் எத்தனை ரூபாய் என்று எழுதுவது? ஹார்மோனியம் வாசிக்கிற அண்ணன் வீட்டில் பொன்னாடைகளைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டார்கள். கேடயங்களுக்கு அந்த யோகமும் இல்லை, பீரோ மேலே கிடக்கின்றன.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குழு இனிமேல் சும்மா ஆடக்கூடாது. பார்க்க வருகிறவர்களிடம் டிக்கெட் கொடுத்துக் காசு வாங்க வேண்டும்.

இவர்கள் யார் என்று தெரிந்தால்தான் நான் சொல்வது புரியும். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருவர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறார். தையல் மெஷின் வைத்திருக்கிற ஒரு அக்கா, தென்னந்தோப்பில் கள் இறக்குகிற இரண்டு பேர், கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போய் வருகிற பையன்கள் சிலர், ஓய்வுபெற்ற தமிழ் மாஷ் (வாத்தியார்) ஒருவர். ஒத்திகை என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். தையல் அக்கா ஒரு நாடகத்துக்கு வந்தால் அன்றைக்குத் தைக்க வேண்டிய துணி அப்படியே கிடக்கும். அந்த நஷ்டம் என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை.

போன மாதம் அவர்கள் போட்ட நாடகம் தண்ணீரைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் வேறு எதைப் பற்றிப் போடுவது? தமிழ்நாடும் கேரளமும் போட்டுக்கொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஒவ்வொரு வருஷமும் எல்லையோரத்து மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளாவுக்கு வர வேண்டும். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1958-லிருந்தே செல்லும் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த 7.25 என்ற எண் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாடகத்தில் அந்த எண்ணையே ஒரு கதாபாத்திரமாக்கிவிட்டார்கள். ஏழே கால் என்று ஒரு மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு நாள் குறித்து, பந்தல் போட்டு, பெண் வீட்டார் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை ஆழியாற்றில் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வருகிறது. வழியில் ஆளாளுக்கு அவரைப் பிடித்து உட்கார வைத்து உபசாரம் பண்ணுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தடுப்பணையான மூலத்தறைக்கு வந்து சேரும்போது மாப்பிள்ளை ஒட்டி உலர்ந்து கோலூன்றி நிற்கிறார்.

இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், குற்றத்தைத் தமிழ்நாட்டுப் பக்கத்தோடு விட்டுவிடவில்லை. இந்தப் பக்கம் வாய்க்காலைத் தூர்வாராத ஆள், மதகுச் சாவியை மடியில் முடிந்து வைத்திருக்கிற ஆள், கடைமடைக்காரனை ஏமாற்றி ராத்திரியில் மடை திருப்புகிற ஆள் எல்லோரும் மேடைக்கு வருகிறார்கள். இவர்களை நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவன் இருக்கிறான். பாலக்காட்டுப் பொறாட்டு நாடகம் பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியும், சோத்யக்காரன். அந்தக் கலையில் குறவனும் குறத்தியும், மண்ணானும் மண்ணாத்தியும், தாசியும் ஒவ்வொருவராக வந்து ஆட, சோத்யக்காரன் ஊர், பேர், வந்த காரியம் எல்லாம் கிண்டிக் கேட்பான். அவர்கள் பாட்டிலும் பேச்சிலுமாகப் பதில் சொல்வார்கள். பாணர் சமூகத்தார் வழிவழியாக ஆடிவந்த நாடகம் அது. அறுப்பு முடிந்த வயலில் விடிய விடிய நடக்கும். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள். அதன் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். எங்கள் குழு அந்தச் சோத்யக்காரனைத் தூக்கி வந்து நீர்ப்பாசனத்துக்குள் விட்டிருக்கிறது. அவன் தமிழில் கேட்கிறான், மதகுக்காரர் மலையாளத்தில் மழுப்புகிறார், ஒப்பந்தக் காகிதம் மட்டும் இங்கிலீஷில் பேசுகிறது. மைதானத்தில் யாருக்கும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலமடையிலிருந்து வந்திருந்த ஒரு சேட்டன் சிரித்துச் சிரித்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

குறையும் இருந்தது, அதையும் சொல்கிறேன். நடுவில் கிட்டார் தம்பி பாடிய பாட்டு நல்ல பாட்டுதான், ஆனால் மூன்று சரணம் தாங்காது. மாஷ் எழுதிய வசனம் இரண்டு இடத்தில் வகுப்பெடுத்தது. மைக் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கைமாறும்போதெல்லாம் நாடகம் பட்டிமன்றமாகிவிடுகிறது. காலரில் குத்துகிற மைக் நாலைந்து வாங்கினால் தீரும். எதை வைத்து வாங்குவது என்று என்னைக் கேட்டால் நான் பொன்னாடையைத்தான் காட்ட வேண்டும்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கினார்கள். “அடுத்து எப்போ?” என்று கேட்டார்கள். “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்ட ஒரே ஆள் டீக்கடைக்காரர். அவரும் தன் பாக்கிக்காகக் கேட்டார்.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் ரெடியாக வரும். கலை என்பது தவம், அதைக் காசுக்கு விற்கலாமா என்பது. தோல்பாவைக் கூத்தை உதாரணம் காட்டுவார்கள். பாரதப்புழைக் கரையோரத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடத்துக்குள் 21 விளக்கை ஏற்றி வைத்து, கம்பராமாயணத்தைப் பாடி, ராத்திரி முழுக்கப் பாவையை ஆட்டுகிறார்கள். மலையாள நாட்டின் நடுவில் கம்பன் பாட்டு ஒலிக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். வெளியே பார்க்க ஒரு ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பகவதிக்காக ஆடுவது என்பது ஐதீகம். சரி, ரொம்ப அழகான கதை. ஆனால் பாவை ஆட்டுகிற அந்தப் புலவர்களும் சும்மா ஆடவில்லை. கோயிலும் வேண்டுதல்காரர்களும் கொடுத்தார்கள். காணிக்கை கொடுத்தவர் பேரைச் சொல்லி வாழ்த்துவதே கூத்துக்குள் ஒரு பகுதியாக இருக்கிறது. வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று சபையில் சொல்வதும் அதேதான். கொடுத்தவனுக்கும் கௌரவம், வாங்கினவனுக்கும் கூச்சம் கிடையாது.

தமிழ் நாடகக் கம்பெனிகள் டிக்கெட் விற்றுத்தான் வாழ்ந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பால சபை தொடங்கிய காலத்தில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று தரம் பிரித்துக் காசு வாங்கினார்கள். அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் சோற்றுக்காகச் சேர்ந்த பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். அவருடைய குடும்ப வீடு இருந்த வடவன்னூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். (எம்.எஸ்.வி. பிறந்த எலப்புள்ளியும் பக்கம்தான். மெல்லிசை பற்றி யாராவது எங்களுக்குப் பாடம் எடுத்தால் இதைச் சொல்லி வாயை அடைப்போம்.) கேரளத்தில் சாஸ்த்ர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் 1980-ல் கலாஜாதா என்று ஊர் ஊராகப் போகிற கலைப் பயணத்தைக் கிளப்பியபோது அவர்களும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வரவேற்கிற ஊர் அவர்களிடம் புத்தகம் வாங்க வேண்டும், அந்தக் காசில் வண்டி ஓடும். மக்களுக்காக ஆடியவர்கள்தான் அவர்களும். மக்கள் கையிலிருந்தே செலவுக்கு வழி பார்த்தார்கள்.

அப்புறம் இந்தச் சும்மா எங்கிருந்து வந்தது? என் கணக்கில் இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, ஏதாவது ஒரு துறையின் விழிப்புணர்வு நிகழ்ச்சி. இருபது நிமிஷம் ஆடச் சொல்லி, அதற்கு முன்னால் ஒன்றேகால் மணி நேரம் பேசுவார்கள். ஒரு முறை பேசியவர்கள் கொஞ்சம் நீட்டிவிட்டதால் எங்கள் ஆட்கள் முகத்தில் பவுடரோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். பயணப்படி வரும் என்றார்கள். நோட்டில் இன்னும் ‘வர வேண்டியது’ என்றே நிற்கிறது. இன்னொன்று ஸ்பான்சர். பேனரில் அவர் போட்டோ நாடகத்தின் பேரைவிடப் பெரிதாக இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. தண்ணீர் நாடகத்துக்குப் பணம் தர வந்த ஒருவர், ராத்திரியில் மடை திருப்புகிற காட்சியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. ஐம்பது பேர் ஆளுக்கு நூறு கொடுத்திருந்தால் அவரிடம் போய் நிற்கவே வேண்டாம். நான் டிக்கெட் கேட்பதற்கு இதுதான் பெரிய காரணம். ஒருவரே மொத்தமும் கொடுத்தால் ஒரு காட்சியை வெட்டச் சொல்வார். ஐம்பது பேர் கொடுத்தால் எந்தக் காட்சியை வெட்டுவது என்று அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது.

நம் ஆட்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாணத்துக்கு இங்கிருந்து செண்டை மேளம் போகிறது. ஆளுக்கு இவ்வளவு, வண்டி இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு என்று பேசி முடித்துத்தான் செண்டை தோளில் ஏறும். அந்தப் பக்கமிருந்து இங்கே நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) வருகிற ஜமாப் மேளத்துக்கும் கொடுக்கிறோம். கோயம்புத்தூர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கமிட்டி வீடு வீடாக வரி போட்டு வசூலிக்கிறது, யாரும் முணுமுணுப்பதில்லை. எல்லை தாண்டி வந்தால் கலைஞர், உள்ளூரில் இருந்தால் “நம்ம பையன்தானே”. இந்த ‘நம்ம பையன்’ என்ற பாசம்தான் எங்கள் குழுவுக்கு ரொம்பச் செலவு வைத்திருக்கிறது.

ஏழைகள் எப்படி வருவார்கள் என்று மாஷ் கேட்டார். நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளோடு நாலு பேராக வந்தால் நானூறு ரூபாய் ஆகிறது, அது ஒரு நாள் கூலியில் பெரிய பங்கு. அதனால் ஒரே விலை வேண்டாம். நாற்காலி நூறு, பாய் முப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். முப்பதும் முடியாதவர் வாசலில் அதைச் சொல்லத் தேவையில்லாதபடி, உள்ளே விடுவது வாசலில் நிற்கிறவர் பொறுப்பு. கூலிக்காரர் கொடுக்கத் தயங்குவார் என்ற பயம் எனக்கு அவ்வளவு இல்லை. கார் வைத்திருப்பவர் நாலு பாஸ் கேட்பாரே, அதுதான் பயம். பாஸ் கிடையாது என்று நோட்டீசிலேயே போட்டுவிட வேண்டும். முன்வரிசையில் துண்டு போட்டு யாருக்கும் இடம் பிடிக்கவும் கூடாது, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி.

டிக்கெட் போட்டால் வரி வருமே என்று ஆட்டோ அண்ணன் பயந்தார். ஆளுக்கு 500 ரூபாய் வரைக்கும் நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நாட்டுப்புறக் கலை, சாஸ்திரியக் கலை ஆடுகிற கலைஞருக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் வரை விலக்கு உண்டு. எங்கள் கேடயங்களை எல்லாம் பித்தளை விலைக்குப் போட்டாலும் அந்த அளவைத் தொடாது. உண்மையான சட்டச் சிக்கல் வேறு. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் வருஷத்து விதி. விடிய விடிய ஆடிய பொறாட்டு அந்த மணிக்குள் அடங்காது. அதனால் ஆறரைக்குத் திரை எடுத்து ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டும். இங்கே குழுவும் மாற வேண்டும். ஆறரை என்று போட்டுவிட்டு ஏழே முக்காலுக்கு மைக் டெஸ்டிங் பண்ணினால், காசு கொடுத்தவன் கேட்பான். கேட்கட்டும். காசு கொடுக்காதவன் நாகரிகமாகக் கைதட்டிவிட்டுப் போகிறான், மூன்று சரணம் அதிகம் என்று யாரிடம் சொல்வான்?

மொழிப் பிரச்சினையும் கொஞ்சம் காசுப் பிரச்சினைதான். கேரளத்து உதவிக்கு விண்ணப்பித்தால் இது தமிழ் நாடகமாயிற்றே என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் நீங்கள் கேரளம் என்கிறார்கள். எங்கள் சித்தூர் அந்தக் காலத்தில் கொச்சி ராஜ்யம், சுற்றி மலபார், 1956-லிருந்து எல்லாமே கேரளம். வருஷா வருஷம் சித்தூர்ப் பகவதி கோயிலில் கொங்கன் படை கொண்டாடி, படையெடுத்து வந்த கொங்கு ராஜா தோற்பதைக் கூட்டத்தோடு நின்று நாங்களும் ரசிக்கிறோம். தாத்தா கொங்கு நாட்டிலிருந்து வந்தவர் என்பது அன்றைக்கு மட்டும் ஞாபகத்துக்கு வராது. இப்படிப்பட்ட ஊரின் நாடகத்துக்கு எந்த அகாதமி எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும்? விண்ணப்பம் போடுவதை விடச் சொல்லவில்லை, போடட்டும். அதை நம்பி உட்கார வேண்டாம். அந்த நாடகத்தைப் புரிந்துகொண்டு சிரிக்கிறவர்கள் கோபாலபுரத்திலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும் இந்த ஓரத்தில்தான் இருக்கிறார்கள்.

குழுவில் பாதிப் பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. காசு கேட்டால் கூட்டம் வராது, வராவிட்டால் அவமானம் என்கிறார்கள். முதல் தடவை வராமல்கூடப் போகலாம். இருநூறு பேர் வந்த மைதானத்துக்கு எழுபது பேர் வரலாம். அந்த எழுபதில் வேன் வாடகையும் சாப்பாடும் தையல் அக்காவின் ஒரு நாள் வேலையும் வந்துவிடும், நோட்டில் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு சாயங்காலம் மாஷ் வீட்டில் கூடுகிறோம். காசு வாங்கக்கூடாது என்கிறவர்கள் காரணத்தைக் கீழே எழுதுங்கள், அங்கே அப்படியே வாசிக்கிறேன். வாங்கலாம் என்கிறவர்கள் நாற்காலியா பாயா என்று சொல்லிவிடுங்கள், டிக்கெட் எத்தனை அடிப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.